ஏல அறையில் பெரிய திரை: எதைப் பார்க்கணும், எப்படி வைக்கணும்?

"ஒரு தரம்... ரெண்டு தரம்... மூணு தரம்!"

சொத்து ஏலம் என்றாலே நம் காதில் முதலில் ஒலிப்பது இந்தக் குரல்தான். ஏலம் கூறுபவர் முன்னால் நின்று சொல்லுவார். முன்வரிசையில் இருக்கிறவர்களுக்கு நன்றாகக் கேட்கும், நடுவில் இருக்கிறவர்களுக்கு அரைகுறையாகக் கேட்கும். கடைசி வரிசையில் நிற்பவர் பக்கத்தில் இருப்பவரிடம், "இப்ப எவ்வளவுக்குப் போகுது?" என்று விசாரித்துக்கொண்டே இருப்பார். அவருக்குப் பதில் கிடைப்பதற்குள் ஏலம் முடிந்துவிடும்.

அந்த நிலைமையை மாற்றுவதுதான் ஏல அறையில் வைக்கப்படும் பெரிய திரை. கேட்கப்பட்ட விலை, சொத்து எண், மீதி நேரம் மூன்றும் எல்லோர் கண்ணுக்கும் ஒரே நேரத்தில் தெரிகிறது. ஏல அறையோடு இது நிற்கவில்லை. சார் பதிவாளர் அலுவலகத்தில் டோக்கன் எண், ரியல் எஸ்டேட் அலுவலகத்தில் வீட்டுத் திட்டத்தின் படம் என்று, சொத்து கைமாறும் இடங்களில் எல்லாம் இப்போது ஒரு திரை இருக்கிறது. அதில் என்ன தெரிகிறது, என்ன தெரியாது, எதை நம்பலாம், எதைத் தனியாகச் சரிபார்க்க வேண்டும் என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம். திரையை வைக்கப்போகிற அலுவலகங்களுக்கும் சில குறிப்புகள் உண்டு.

தண்டோராவில் இருந்து திரை வரை

சொத்து ஏலத்துக்கு வருகிறது என்பதை ஊருக்குத் தெரிவிப்பது பழைய நடைமுறை. உரிமையியல் நடைமுறைச் சட்டத்திலேயே, ஜப்தி செய்யப்பட்ட சொத்தின் விற்பனையைப் பறையடித்தோ வழக்கமான வேறு முறையிலோ அந்த இடத்தில் அறிவிக்க வேண்டும் என்று இருக்கிறது. ஊருக்கே தெரிந்து நடக்கிற விற்பனையில்தான் நியாயமான விலை வரும் என்பது இதன் அடிப்படை. தமிழ்நாட்டில் ஆட்களைக் கொண்டு தண்டோரா போடும் வழக்கத்தைக் கைவிடும்படி 2022 ஆகஸ்ட்டில் தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார். இன்று அறிவிப்பு செய்தித்தாளிலும் இணையத்திலும் வருகிறது. ஆனால் அறிவிப்பு வெளியானால் மட்டும் போதாது. ஏலம் நடக்கிற அந்த அரை மணி நேரமும் வெளிப்படையாக இருந்தால்தான் நோக்கம் நிறைவேறும். திரைக்கு வேலை வருவது இங்கேதான்.

யாருக்கு இதனால் லாபம்?

ஏலம் எடுக்க வருபவருக்கு என்று நினைப்போம். உண்மையில் அதைவிட அதிகமாக, சொத்தை இழக்கிற குடும்பத்துக்குத்தான் இது முக்கியம்.

வங்கிக் கடனைக் கட்ட முடியாமல் ஒரு வீடு ஏலத்துக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 2002-ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி, ஏலத்தில் வரும் பணத்தில் முதலில் ஏலச் செலவும், அடுத்து வங்கிக்கு வரவேண்டிய பாக்கியும் கழிக்கப்படும். அதற்கு மேல் மிஞ்சுகிற தொகை, அதைப் பெற உரிமை உள்ளவருக்கு, பெரும்பாலும் கடன் வாங்கியவருக்கு, போய்ச் சேர வேண்டும். அதாவது பாக்கி 30 லட்சம் என்றால், வீடு 32 லட்சத்துக்குப் போவதற்கும் 45 லட்சத்துக்குப் போவதற்கும் உள்ள வித்தியாசம் அந்தக் குடும்பத்தின் பணம். பிள்ளைகளின் படிப்போ, வாடகை வீட்டுக்கான முன்பணமோ அந்தத் தொகையில் இருக்கலாம். "காது கேக்கல, அதனால நான் கேக்கல" என்று கடைசி வரிசையில் ஒருவர் விட்டுவிட்டால், நஷ்டம் அவருக்கு மட்டும் இல்லை.

நாலைந்து பேர் முன்கூட்டியே டீக்கடையில் பேசி முடித்துவிட்டு வந்து ஏலம் கேட்பதைத் திரை முழுதாகத் தடுத்துவிடாது. ஆனால் கேட்கப்பட்ட ஒவ்வொரு விலையும் நேரத்தோடு திரையில் வந்து, அது அப்படியே பதிவாகவும் செய்தால், பின்னால் யாராவது கேள்வி கேட்கும்போது காட்டுவதற்கு ஆதாரம் இருக்கும்.

திரையில் கட்டாயம் இருக்க வேண்டிய 5 வரிகள்

ஏல அறையில் திரையைப் பார்த்ததும் கீழ்க்கண்ட ஐந்தும் தெரிகிறதா என்று பாருங்கள்.

1. சொத்து எண்ணும் சுருக்க விவரமும். ஊர், சர்வே எண், பரப்பு இருந்தால் போதும். ஒரே நாளில் பத்துப் பதினைந்து சொத்துகள் ஏலத்துக்கு வரும்போது, எந்தச் சொத்து ஓடுகிறது என்பதிலேயே குழப்பம் வந்துவிடும்.

2. இப்போதைய உயர்ந்த விலை.

3. அந்த விலையைக் கேட்டவரின் எண். பெயர் வேண்டாம், எண் போதும்.

4. அடுத்து குறைந்தது எவ்வளவு கேட்க வேண்டும். ஒவ்வொரு முறையும் எவ்வளவு கூட்டிக் கேட்க வேண்டும் என்பது அறிவிப்பிலேயே இருக்கும். அதைக் கூட்டிப் போட்ட தொகையாகவே காட்டினால் மனக்கணக்கு மிச்சம்.

5. மீதி நேரம், அல்லது எத்தனையாவது தரம் என்ற விவரம்.

தொகை எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதையும் கவனியுங்கள். ஐம்பத்தொரு லட்சத்து ஐம்பதாயிரத்தை நாம் 51,50,000 என்று எழுதுவோம். கம்ப்யூட்டரில் அமைப்பை மாற்றாமல் விட்டால் அதையே 5,150,000 என்று காட்டும். இரண்டும் ஒரே தொகைதான். ஆனால் பதற்றத்தில் பார்க்கிற கண்ணுக்கு அது ஐந்து லட்சம் போலவும் தெரியும், ஐந்து கோடி போலவும் தெரியும். எண்ணுக்குக் கீழே எழுத்தாலும் தொகை இருந்தால் இந்தச் சிக்கல் வராது. இல்லையென்றால், "தொகையை ஒருதரம் எழுத்தாலும் சொல்லுங்க" என்று கேட்கத் தயங்க வேண்டாம்.

இன்னொன்று. அறிவிப்பாளர் வாயால் சொன்ன தொகைக்கும் திரையில் உள்ள தொகைக்கும் வித்தியாசம் வந்தால் எது செல்லும்? ஏலம் தொடங்கும் முன் அந்த நாளின் நிபந்தனைகளை வாசிப்பார்கள். அப்போதே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். ஏலம் முடிந்த பிறகு கேட்டால் அது தகராறாகத்தான் போகும். ஏலப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போது, திரையில் பார்த்த தொகைதான் அதிலும் இருக்கிறதா என்று படித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

ஏலம் முடிஞ்சாச்சு, பணம் எப்போ?

திரையில் உங்கள் எண் நின்றுவிட்டது. மகிழ்ச்சிதான். ஆனால் கடிகாரம் அந்த நிமிடத்திலிருந்தே ஓடத் தொடங்குகிறது. ஒரு கற்பனைக் கணக்கு மூலம் பார்ப்போம்.

வங்கி ஏலத்தில் ஒரு வீட்டின் ரிசர்வ் விலை, அதாவது இதற்குக் கீழே விற்கமாட்டோம் என்று அறிவிக்கப்பட்ட விலை, ரூ.42,00,000. ஏலத்தில் கலந்துகொள்ள நீங்கள் முன்வைப்புத் தொகையாக ரூ.4,20,000 கட்டியிருக்கிறீர்கள். வீடு உங்களுக்கு ரூ.51,50,000-க்கு முடிகிறது.

* ஏலத் தொகையில் 25 சதவீதத்தை அன்றைக்கே, அல்லது தவறினால் அடுத்த வேலை நாளுக்குள் கட்ட வேண்டும். இங்கே அது ரூ.12,87,500. ஏற்கெனவே கட்டிய முன்வைப்புத் தொகையைக் கழித்தால், கையில் தயாராக இருக்க வேண்டியது ரூ.8,67,500.

* மீதி 75 சதவீதம், அதாவது ரூ.38,62,500. விற்பனை உறுதி செய்யப்பட்ட 15 நாளுக்குள் கட்ட வேண்டும். எழுத்துப்பூர்வமாக ஒப்புக்கொண்டால் இந்தக் கெடு நீளலாம், ஆனால் மொத்தம் மூன்று மாதத்தைத் தாண்டக்கூடாது.

* சொத்து மதிப்பு ரூ.50 லட்சமோ அதற்கு மேலோ என்றால், வாங்குபவர் 1 சதவீதத்தை வருமான வரியாகப் பிடித்தம் செய்து அரசுக்குச் செலுத்த வேண்டும். இங்கே ரூ.51,500. இது விலையிலிருந்தே கழிக்கப்படுவது, கூடுதல் செலவு அல்ல. ஆனால் செய்யாமல் விட்டால் வாங்கியவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

கெடுவுக்குள் மீதிப் பணம் கட்டாவிட்டால், கட்டிய தொகையை வங்கி திருப்பித் தராது. சொத்தும் மறுபடி ஏலத்துக்குப் போய்விடும். "லோன் போட்டுக் கட்டிக்கலாம்" என்ற நம்பிக்கையில் ஏலம் கேட்பவர்கள் சிக்குவது இந்த இடத்தில்தான். 15 நாளில் கடன் கைக்கு வந்துவிடுமா என்பதை உங்கள் வங்கியிடம் ஏலத்துக்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள்.

நீதிமன்ற ஏலம் இன்னும் கறாரானது. ஏலம் எடுத்தவர் என்று அறிவித்த உடனே 25 சதவீதம், விற்பனை நாளிலிருந்து 15 நாளுக்குள் மீதி. கெடுவை நீட்டித் தருவதற்குச் சட்டத்தில் இடம் இல்லை.

திரை சொல்லாத விஷயங்கள்

திரையில் விலை தெரியும், பரப்பு தெரியும், படமும் தெரியும். சொத்துக்குப் பின்னால் இருக்கிற கதை தெரியாது. வங்கி ஏல அறிவிப்புகளில், "எங்கே உள்ளதோ அங்கேயே, எப்படி உள்ளதோ அப்படியே" விற்கப்படுகிறது என்று ஒரு வரி இருக்கும். சின்ன வரிதான், பொருள் பெரிது. நேரில் போய்ப் பார்த்து, விசாரித்து, திருப்தியானால் மட்டும் கேளுங்கள், பிறகு எங்களிடம் வராதீர்கள் என்பதே அதன் பொருள். எனவே ஏலத்துக்கு முன் இவற்றைப் பாருங்கள்.

சொத்து யார் கையில் இருக்கிறது? அறிவிப்பில் 'அடையாள சுவாதீனம்' என்று இருந்தால், வங்கி சுவரில் அறிவிப்பு ஒட்டியிருக்கிறது, சாவி அதன் கையில் இல்லை என்று அர்த்தம். உள்ளே உரிமையாளரோ வாடகைதாரரோ இருக்கலாம். 'நேரடி சுவாதீனம்' என்று இருந்தால் சாவி வங்கியிடம் இருக்கிறது. இந்த இரண்டு சொற்களுக்கும் இடையே சில நேரம் வருடக்கணக்கில் அலைச்சல் இருக்கிறது.

வில்லங்கம் உண்டா? வில்லங்கச் சான்றை பதிவுத் துறையின் டிஎன்ரெஜிநெட் இணையதளத்தில் கட்டணம் இல்லாமலே பார்க்கலாம். வழிகாட்டி மதிப்பும் அங்கேயே கிடைக்கும். ரிசர்வ் விலை அதனோடு எப்படி ஒத்துப்போகிறது என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

பட்டா யார் பெயரில்? சர்வே எண்ணும் பரப்பும் ஏல அறிவிப்பில் உள்ளபடியே இருக்கிறதா?

பாக்கிகள் எவ்வளவு? சொத்து வரி, குடிநீர் வரி, மின் கட்டணம், அடுக்குமாடி என்றால் பராமரிப்புக் கட்டணம். இவை பல நேரம் ஏலம் எடுத்தவர் தலையில்தான் விழும். முத்திரைத் தீர்வை, பதிவுச் செலவு போன்றவையும் ஏலத் தொகையில் சேராது.

வீட்டுத் திரையில் நடக்கும் ஏலம்

வங்கி ஏலங்களில் பெரும்பாலானவை இப்போது மின்ஏலமாகவே நடக்கின்றன. பொதுத்துறை வங்கிகளின் ஏலச் சொத்துகளை ஓரிடத்தில் காட்டுவதற்காக 2019-இல் ஐபாபி தளம் தொடங்கப்பட்டது. அதற்கு அடுத்த கட்டமாக 2025 ஜனவரியில் பேங்க்நெட் என்ற புதிய தளம் வந்திருக்கிறது. ஏல அறையின் பெரிய திரை, இங்கே நம் மேசையில் உள்ள சின்னத் திரையாகிவிடுகிறது. வசதிதான், ஆனால் சில விஷயங்களில் கவனம் தேவை.

மின்ஏலத்தில் கடைசி சில நிமிடங்களில் யாராவது விலையைக் கூட்டினால், நேரம் தானாகவே இன்னும் சில நிமிடம் நீளும். எத்தனை நிமிடம், எத்தனை முறை என்பது அறிவிப்பில் இருக்கும். அதனால் "கடைசி நொடியில் ஒரு தட்டுத் தட்டி ஜெயிச்சிடலாம்" என்ற கணக்கு வேலைக்கு ஆகாது. உங்கள் உச்ச வரம்பை முன்பே ஒரு தாளில் எழுதி எதிரில் வைத்துக்கொள்ளுங்கள். நேரம் நீள நீள ஆசையும் நீளும். அந்தத் தாள்தான் பிரேக்.

தொகையைத் தட்டச்சு செய்யும்போது ஒரு பூஜ்ஜியம் கூடினால், சமர்ப்பித்த பிறகு அதைத் திரும்பப் பெறுவது பொதுவாக முடியாது. பொத்தானை அழுத்தும் முன் எழுத்தால் காட்டும் தொகையைப் படியுங்கள். இணைய இணைப்பு நின்றுபோனால் அது ஏலம் கேட்பவரின் பொறுப்பு என்றுதான் நிபந்தனைகள் சொல்கின்றன. மாற்று இணைப்பு ஒன்று கையில் இருக்கட்டும். யாரோ அனுப்பிய லிங்க் வழியாகப் போகாமல், வங்கியின் ஏல அறிவிப்பில் உள்ள முகவரியை நீங்களே தட்டச்சு செய்து உள்ளே போங்கள். முன்வைப்புத் தொகையைத் தனிநபர் கணக்குக்கு அனுப்பச் சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

உங்கள் வீடே அந்தத் திரையில் வந்தால்?

இந்தப் பகுதி, ஏலம் எடுப்பவர்களுக்கு இல்லை. கடன் கட்ட முடியாமல் தவிக்கிறவர்களுக்கு.

சர்ஃபாசி சட்டத்தில் ஏலம் என்பது திடீரென்று வராது. முதலில் 60 நாள் அவகாசத்துடன் கோரிக்கை அறிவிப்பு வரும். அதற்கு நீங்கள் ஆட்சேபம் எழுதினால், வங்கி 15 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். பிறகுதான் சுவாதீன நடவடிக்கை. அதன் பின் 30 நாள் விற்பனை அறிவிப்பு. பொது ஏலம் என்றால் இரண்டு முன்னணி செய்தித்தாள்களில் வர வேண்டும், அதில் ஒன்று வட்டார மொழி இதழாக இருக்க வேண்டும்.

இதில் ஒரு தேதியை மறக்கக்கூடாது. முழுப் பாக்கியையும் செலவுகளையும் கட்டி வீட்டை மீட்கும் உரிமை, ஏல அறிவிப்பு வெளியாகும் நாளுக்கு முன்பு வரைக்கும்தான். 2016-இல் சட்டம் இப்படித் திருத்தப்பட்டது. 2023-இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. "ஏலத்தன்னைக்குக் காலையில பணத்தோட போய் நிப்பாட்டிடலாம்" என்ற பழைய நம்பிக்கையில் காத்திருந்தவர்கள் ஏமாந்துபோயிருக்கிறார்கள். வங்கியின் நடவடிக்கையில் குறை இருந்தால், அந்த நடவடிக்கை நடந்த 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் மனு போடலாம். தமிழ்நாட்டில் சென்னை, மதுரை, கோவையில் இந்தத் தீர்ப்பாயங்கள் இயங்குகின்றன.

நீதிமன்ற ஏலத்தில் நிலைமை வேறு. ஏலம் முடிந்த பிறகும் 60 நாளுக்குள், விற்பனை அறிவிப்பில் சொன்ன பாக்கியையும், ஏலம் எடுத்தவருக்காக ஏலத் தொகையில் 5 சதவீதத்தையும் நீதிமன்றத்தில் கட்டினால், விற்பனையை ரத்து செய்யக் கோரலாம். இரண்டு வகை ஏலத்தையும் குழப்பிக்கொள்ளாமல், கையில் வந்திருக்கும் அறிவிப்பு எந்தச் சட்டத்தின் கீழ் என்று முதலில் பாருங்கள்.

பதிவு அலுவலகத் திரை

தமிழ்நாட்டில் 575-க்கும் மேற்பட்ட சார் பதிவாளர் அலுவலகங்கள் இருக்கின்றன. 2018 பிப்ரவரியில் தொடங்கிய ஸ்டார் 2.0 திட்டத்துக்குப் பிறகு, ஆவண விவரங்களை இணையத்தில் உள்ளிட்டு, டோக்கன் நேரமும் வாங்கிக்கொண்டு போகிறோம். அழைக்கிற டோக்கன் எண்ணைத் திரையில் காட்டினால், வாசலில் முண்டியடிக்க வேண்டிய அவசியம் இல்லை. "அவரு எனக்குப் பின்னால வந்தவரு, எப்படி முன்னால போனாரு?" என்ற கேள்விக்கும் திரையே பதில் சொல்லிவிடும்.

சார் பதிவாளர்கள் உயரமான மேடையில், தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பழைய அமைப்பை அகற்ற 2021-இல் உத்தரவு வந்தது. மக்களும் அலுவலரும் சம மட்டத்தில் உட்கார வேண்டும் என்ற எண்ணம் அது. மக்கள் பக்கம் திரும்பியிருக்கிற திரையும் அதே எண்ணத்தின் தொடர்ச்சிதான்.

இங்கே நாம் பார்க்க வேண்டியது டோக்கன் எண்ணை மட்டும் இல்லை. கைரேகை வைப்பதற்கு முன், கம்ப்யூட்டரில் ஏறியிருக்கும் விவரங்களைப் படித்துப் பாருங்கள். பெயரின் முதலெழுத்து, தந்தை பெயர், சர்வே எண்ணின் உட்பிரிவு, பரப்பு, நான்கெல்லை. உங்கள் பக்கம் திரை இல்லையென்றால், விவரச் சுருக்கத்தின் நகலைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். 124/2A என்பது 124/2 என்று பதிவாகிவிட்டால், பிறகு பிழைத்திருத்தல் ஆவணம் எழுதி, விற்றவரைத் தேடிப் பிடித்து, மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். விற்றவர் அதற்குள் காலமாகியிருந்தால் அவருடைய வாரிசுகள் எல்லோரையும் தேட வேண்டும். இரண்டு நிமிடப் படிப்பு இவ்வளவையும் மிச்சப்படுத்தும்.

கட்டண விவரத்தையும் தெரிந்துவைத்திருங்கள். கிரய ஆவணத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 2025 ஏப்ரல் 1 முதல், பெண்கள் பெயரில் ரூ.10 லட்சம் வரையிலான சொத்தைப் பதிவு செய்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறையும்.

ரியல் எஸ்டேட் அலுவலகத்தில் ஓடும் படம்

குளிரூட்டிய அறை, சுவர் முழுக்கத் திரை, அதில் நீச்சல் குளம், பூங்கா, பால்கனியில் காபி குடிக்கும் குடும்பம். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அது இன்னும் கட்டப்படாத கட்டடம். கம்ப்யூட்டரில் வரைந்த படத்தில் மாலை வெயில்கூட நாம் விரும்பிய பக்கத்தில் இருந்துதான் வரும்.

இங்கே 2016-ஆம் ஆண்டின் ரெரா சட்டம் நமக்குத் துணை. எந்த ஊடகத்தின் வழியாகச் செய்தாலும் விளம்பரம் விளம்பரமே. விளம்பரத்திலோ மாதிரி வீட்டிலோ காட்டியதை நம்பி முன்பணம் கொடுத்து, அந்த விவரம் பொய் என்றாகி நஷ்டப்பட்டால், இழப்பீடு கேட்கலாம். திட்டத்திலிருந்து விலகினால் கட்டிய முழுப் பணத்தையும் வட்டியோடு திரும்பப் பெறலாம். விளம்பரத்தில் ரெரா பதிவு எண் பளிச்சென்று இருக்க வேண்டும். பதிவு செய்யப்பட்ட ஒப்பந்தம் போடாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது. 500 சதுர மீட்டரைத் தாண்டாத நிலம் அல்லது 8 வீடுகளைத் தாண்டாத திட்டம் என்றால் பதிவிலிருந்து விலக்கு உண்டு.

எனவே திரையில் ஓடும் படத்தைப் பார்த்துவிட்டு மூன்று கேள்வி கேளுங்கள். ரெரா எண் என்ன? நீங்கள் காட்டும் பூங்காவும் குளமும் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தில் இருக்கிறதா? கார்பெட் ஏரியா, அதாவது சுவர்களுக்குள் நாம் புழங்கும் பரப்பு, எவ்வளவு? பதில்களை, தமிழ்நாடு கட்டட மனை விற்பனை ஒழுங்குமுறைக் குழுமத்தின் இணையதளத்தில் அந்தத் திட்டத்தின் பக்கத்தோடு ஒப்பிடுங்கள். அவர்கள் தந்த விளக்கக் கையேட்டைத் தூக்கிப் போடாதீர்கள். தேவைப்பட்டால் அதுவே சாட்சி.

திரை வைக்கப்போகும் அலுவலகங்களுக்கு

பெரிய டிவி ஒன்றை வாங்கிச் சுவரில் மாட்டினால் முடிந்தது என்று நினைக்கக்கூடாது. சில எளிய கணக்குகள் இருக்கின்றன.

எழுத்து அளவு: பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குல உயர எழுத்து என்பது நடைமுறைக் கணக்கு. அறை 30 அடி நீளம் என்றால், கடைசி வரிசைக்கு எழுத்து 3 அங்குலம் இருக்க வேண்டும். 55 அங்குலத் திரையின் உயரம் சுமார் 27 அங்குலம்தான். தமிழில் கொக்கியும் சுழியும் மேலும் கீழும் நீளும் என்பதால் வரி இடைவெளி தாராளமாக விட வேண்டும். அப்படி விட்டால் ஐந்து வரிதான் கொள்ளும். மேலே ஐந்து வரி என்று சொன்னதற்குக் காரணம் இதுவும்தான். பத்து வரி வேண்டுமென்றால் இன்னொரு திரை வையுங்கள், எழுத்தைச் சுருக்காதீர்கள்.

இடம்: ஜன்னலுக்கு நேர் எதிரே மாட்டினால் கண்ணாடி போல வெளிச்சம்தான் தெரியும், எழுத்து தெரியாது. திரையின் அடிப்பக்கம் தரையிலிருந்து நாலடிக்குக் கீழே இருந்தால் முன்னால் உட்கார்ந்தவரின் தலை மறைக்கும்.

வகை: வீட்டு டிவி தினமும் சில மணி நேரம் ஓடுவதற்காகச் செய்யப்பட்டது. காலை முதல் மாலை வரை ஒரே படம் நிற்கிற இடத்துக்கு, 16 மணி நேரமோ 24 மணி நேரமோ ஓடுவதற்கென்றே வரும் வணிகத் திரைதான் தாங்கும். பளபளப்பில்லாத மேற்பரப்பு நல்லது.

எழுத்துரு: பழைய குறியாக்க எழுத்துருக்களில் தட்டச்சு செய்தால், வேறு கம்ப்யூட்டரில் திறக்கும்போது கட்டம் கட்டமாக வந்து நிற்கும். தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது. அதையே பயன்படுத்துங்கள். வெள்ளையில் கறுப்பு, அல்லது கருநீலத்தில் வெள்ளை தெளிவாகத் தெரியும். கறுப்பில் சிவப்பு தூரத்தில் இருப்பவருக்குத் தெரியாது. சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவர்களும் இருக்கிறார்கள் என்பதால், நிறத்தை மட்டும் நம்பி எதையும் சொல்லாதீர்கள். 'முடிந்தது' என்று எழுதியே காட்டுங்கள்.

அந்தரங்கம்: எழுத்தரின் கம்ப்யூட்டரில் உள்ளது அப்படியே பெரிய திரையில் விழும்படி இணைக்காதீர்கள். ஏலம் கேட்பவரின் பெயர், ஆதார் எண், கைபேசி எண் எல்லாம் ஊருக்கே தெரிந்துவிடும். திரையை 'நீட்டிப்பு' முறையில் இணைத்து, பொதுமக்களுக்கு உரியதை மட்டும் அங்கே காட்டுங்கள். வாட்ஸ்அப் அறிவிப்புகளை அணைத்துவிட்டு ஏலத்தைத் தொடங்குங்கள். தனிநபர் விவரங்களைக் காப்பதற்கென்றே 2023-இல் சட்டம் வந்துவிட்டது.

மின்சாரம்: ஏலம் பாதியில் இருக்கும்போது கரண்ட் போனால் என்ன செய்வது? யுபிஎஸ் வையுங்கள். திரை அணைந்தால் ஏலம் நிறுத்திவைக்கப்படும், மறுபடி எந்தத் தொகையிலிருந்து தொடங்கும் என்பதை நிபந்தனையிலேயே எழுதிவிடுங்கள்.

கண் தெரியாதவருக்கு?

திரை வந்துவிட்டது என்று குரலை நிறுத்திவிடக்கூடாது. பார்வையற்றவர், கண்புரை உள்ள முதியவர், எழுதப் படிக்கத் தெரியாதவர் எல்லோரும் சொத்து வாங்கலாம், விற்கலாம். ஒவ்வொரு தொகையையும் ஒலிபெருக்கியில் எழுத்தால் சொல்ல வேண்டும். டோக்கன் எண்ணைத் தமிழில் அழைக்க வேண்டும். காது கேளாதவருக்குத் திரை, கண் தெரியாதவருக்குக் குரல். இரண்டும் சேர்ந்திருந்தால்தான் அது எல்லோருக்குமான அறை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் இதைத்தான் எதிர்பார்க்கிறது.

கிளம்பும் முன் ஒரு பார்வை

* ஏல அறிவிப்பின் நகல், எந்தச் சட்டத்தின் கீழ் ஏலம் என்ற விவரம்
* வில்லங்கம், பட்டா, வழிகாட்டி மதிப்பு: மூன்றும் பார்த்தாச்சா?
* சுவாதீனம் அடையாளமா, நேரடியா?
* 25 சதவீதத்துக்கான பணம் தயாரா? மீதிக்கு 15 நாளில் வழி இருக்கா?
* உச்ச வரம்பை எழுதிய தாள்
* திரையில் தெரியும் சொத்து எண், நீங்கள் கேட்க வந்த சொத்தின் எண்தானா?
* கையெழுத்துப் போடும் முன், திரையில் இருந்த தொகையும் பதிவேட்டில் உள்ள தொகையும் ஒன்றா?

அரசு அலுவலகத் திரை வேலை செய்யாமல் கிடந்தாலோ, கட்டண விவரம் காட்டப்படவில்லை என்றாலோ, முதல்வரின் முகவரி துறையின் 1100 எண்ணில் புகார் சொல்லலாம். அணைந்து கிடக்கும் திரையைப் பார்த்தும் யாரும் கேட்கவில்லை என்றால், அது கடைசி வரை அணைந்தே கிடக்கும்.